விண்ணில் கண்டதும் கரையில் கேட்டதும்: செயற்கைக்கோள் வழிக் கடல் கண்காணிப்பும் தமிழகக் கடற்கரையும்

ஆய்வுச் சுருக்கம்

கடலை விண்ணிலிருந்து அளக்கும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட நாள்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. அவ்வளவீடு கடலோடியையும் உழவரையும் எப்போது, எவ்வழியில், எம்மொழியில் வந்தடைந்தது என்னும் வினாவை முன்வைத்து, அவ்வரலாற்றைத் தமிழகக் கடற்கரையிலிருந்து மீண்டும் நோக்குகிறது இக்கட்டுரை. 1964ஆம் ஆண்டுத் தனுஷ்கோடிப் புயல், 1980களின் புயல் எச்சரிக்கைப் பரப்பு அமைப்பு, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை, 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. காணும் திறன் வளர்ந்த அளவுக்கு அறிவிக்கும் திறன் வளரவில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கடல் தொலையுணர்வு, ஓஷன்சாட், மீன்வள வாய்ப்புப் பகுதி, புயல் எச்சரிக்கை, வடகிழக்குப் பருவமழை, சேத்தூர்

முன்னுரை

இக்கட்டுரையாளர் பிறந்து வளர்ந்த சேத்தூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்த ஊர். கிழக்கே மன்னார் வளைகுடாவும் மேற்கே மலைக்கு அப்பால் அரபிக்கடலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கடலைக் காணாமலேயே முதுமை எய்திய பெரியவர்கள் இவ்வூரில் இருந்திருக்கிறார்கள். இத்தகைய ஊரிலிருந்து கடல் கண்காணிப்பின் வரலாற்றை எழுதப் புகுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் சேத்தூர்க் கண்மாய்களில் நிற்கும் நீர் கடலிலிருந்து வந்த நீரே. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் தன் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக இப்புறம் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வரும் கொண்டலே இவ்வட்டாரத்தின் கண்மாய்களை நிரப்புகிறது.

இந்த உறவு தமிழர் அறியாததன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, புகார்த் துறைமுகத்தில் பொருள்கள் ஏறுவதையும் இறங்குவதையும், கடல்நீர் முகிலாகி மலையில் பெய்து மீண்டும் கடல் சேரும் சுழற்சிக்கு ஒப்பிடுகிறது. சேத்தூருக்கு அருகிலுள்ள திருவில்லிபுத்தூரின் ஆண்டாளோ, திருப்பாவையின் நான்காம் பாடலில், மழைக்குரிய தெய்வத்தைக் கடலினுள் புகுந்து நீர் முகந்துகொண்டு மேலெழுந்து பொழியுமாறு வேண்டுகிறார். கடற்கரையில் இல்லாத ஊரொன்றில் பிறந்த பாடல் மழையைத் தேடிக் கடலுக்குள் செல்வது கவனத்திற்குரியது. முகில் எங்கே எவ்வளவு நீர் முகந்தது என்பதை அளக்கும் கருவிகள் வந்தது கடந்த அறுபது ஆண்டுகளில்தான்.

இக்கருவிகளின் வரலாற்றைத் தொகுக்க முற்படுவோர் விரைவில் ஓர் ஏற்றத்தாழ்வைக் காண்பர். ஒரு செயற்கைக்கோள் எந்த நாளில், எந்த ஏவுகலத்தில், எத்தனைக் கருவிகளுடன் சென்றது என்னும் செய்தி எளிதில் கிடைக்கிறது. அது கண்டது எந்தக் குப்பத்தில் யார் காதில் விழுந்தது என்னும் செய்தியைத் துண்டு துண்டாகத் தேட வேண்டியுள்ளது. முன்னதைச் சுருக்கியும் பின்னதை விரித்தும் எழுதுவதே இக்கட்டுரையின் முறை.

கூண்டும் தந்தியும்

செயற்கைக்கோளுக்கு முன்பும் எச்சரிக்கை இருந்தது. 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூண்டும் இரவில் விளக்கும் ஏற்றி அறிவிக்கும் வழக்கம் கிழக்குக் கரையெங்கும் பரவியது. பாம்பனிலும் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இன்றுவரை ‘கூண்டு ஏற்றியாயிற்று’ என்றால் விளக்கம் தேவையில்லை. எண்ணைக் கேட்ட அளவில் ஆபத்தின் தரம் புரிகிறது. எழுத்தறிவு வேண்டாத, கரையிலிருந்து கண்ணால் காணத்தக்க செய்தி அது.

அம்முறையின் குறை செய்தியின் வடிவில் இல்லை. அதன் மூலத்தில் இருந்தது. நடுக்கடலில் புயல் உருவானதை அறிய அவ்வழியே செல்லும் கப்பல் ஒன்று வேண்டும். புயலில் சிக்கிய கப்பல் தகவல் தர வேண்டும். புயலைத் தவிர்த்து விலகிய கப்பலிடம் தகவலே இராது. கப்பல் தடங்களுக்கு இடைப்பட்ட வங்கக் கடற்பரப்பு வானிலையாளருக்கு வெற்றிடமாகவே இருந்தது.

1960 ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 முகில்களை மேலிருந்து படம் பிடித்தது. அவ்வாண்டுகளில் பல நாடுகள் இணைந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியாகப் பம்பாய்க் கொலாபாவில் பன்னாட்டு வானிலை மையம் 1963இல் அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21இல் ஏவப்பட்ட டைரோஸ்-8, தன் தலைக்கு நேர்கீழே உள்ள எந்த நிலையத்திற்கும் படத்தை உடனடியாக இறக்கித் தரும் தானியங்கிப் படப்பரப்புக் கருவியை முதன்முதலில் சுமந்து சென்றது. படம் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய நிலை அதனால் மாறியது. இந்தியப் பெருங்கடலின் முகில்களை இந்தியாவிலேயே காணும் வழி பிறந்தது.

எனினும் இதைத் தொடர் கண்காணிப்பு என்று சொல்ல இயலாது. அதே கருவியுடன் 1964 ஆகஸ்ட் 28இல் சென்ற நிம்பஸ்-1 ஒரு மாதம் நிறைவுறுவதற்குள் செயலிழந்தது. அவ்வாண்டு டிசம்பரில்தான் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய புயல் இலங்கையைக் கடந்து, 22ஆம் நாள் இரவு பாம்பன் தீவைத் தாக்கியது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் இரயில் கடலலையில் அடித்துச் செல்லப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புயல் வரும் செய்தி கரையில் அறியப்படாமல் இல்லை. எந்நேரம், எவ்விடம், கடல் எவ்வளவு உயரும் என்பவை அறியப்படவில்லை. இரயில் புறப்பட்டது அந்த அறியாமையில்தான். நாள்தோறும் தவறாமல் உலகைப் படம்பிடிக்கும் எஸ்ஸா வரிசைச் செயற்கைக்கோள்கள் 1966இல்தான் பணிக்கு வந்தன.

நூறு கிலோமீட்டர் அகலப் புள்ளி

முகிலைப் படம் பிடிப்பது வேறு, கடலையே அளப்பது வேறு. இவ்வேறுபாட்டை உலகிற்கு உணர்த்திய ஆண்டு 1978. அவ்வாண்டு ஜூனில் ஏவப்பட்ட சீசாட் கடலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள். அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் கடல்மட்டத்தையும் அது நுண்ணலைகளால் அளந்தது. மின்வழங்கலில் ஏற்பட்ட பழுதால் 105 நாள்களில் மௌனமாகியது. அதே அக்டோபரில் சென்ற நிம்பஸ்-7, கடலின் நிறத்தை அளந்து அதிலிருந்து மிதவை நுண்தாவரங்களின் பச்சையத்தைக் கணிக்கும் கருவியைக் கொண்டிருந்தது.

இந்தியாவின் பங்கு இதற்கு மிகவும் பிந்தியதன்று. 1979 ஜூன் 7இல் சோவியத் ஏவுகலத்தில் சென்ற பாஸ்கரா-1, நிலத்தைக் காணும் தொலைக்காட்சிப் படக்கருவிகளுடன் கடலை நோக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானியையும் சுமந்தது. ‘சமீர்’ எனப் பெயரிடப்பட்ட அக்கருவி அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் ஆக்கம். வடமொழியில் சமீர் என்பது காற்றைக் குறிக்கும். கருவியின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அவ்வாறு அமைந்தது தற்செயலாக இராது. 1981 நவம்பர் 20இல் பாஸ்கரா-2 தொடர்ந்தது. சமீர் அளந்தவை கடலின் மேல் நிற்கும் நீராவியும் முகில்நீரும். அதாவது ஆண்டாள் வேண்டிய அந்த முகத்தலின் அளவு. அதன் ஒரு புள்ளி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமுடையது. சேத்தூரிலிருந்து தூத்துக்குடிவரை உள்ள நிலம் முழுவதும் அத்தகைய ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். மீனவருக்கோ உழவருக்கோ அதனால் நேரடிப் பயனில்லை. ஆயினும் இந்திய அறிவியலாளர் ஒரு தலைமுறை நுண்ணலையின் மொழியைப் படிக்கக் கற்றது அப்பருமனான புள்ளிகளில்தான்.

அடுத்த பெரும் அடி வைக்க இருபதாண்டுகள் ஆயின. 1999 மே 26இல் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி2 ஏவுகலத்தில் ஓஷன்சாட்-1 சென்றது. எட்டு நிறப்பட்டைகளில் கடலை நோக்கிய அதன் கடல்நிறமானி 360 மீட்டர் நுணுக்கமும் 1420 கிலோமீட்டர் வீச்சகலமும் கொண்டது. இரண்டு நாள்களுக்கு ஒருமுறை அதே கடற்பகுதிக்குத் திரும்பியது. பின்னர் 2009 செப்டம்பர் 23இல் ஓஷன்சாட்-2, காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கும் சிதறல்மானியுடன் சென்றது. இரண்டே மாதங்களில் அமெரிக்காவின் குவிக்ஸ்கேட் பழுதுற்றபோது, உலகக் கடற்காற்றின் அளவீட்டுக்கு இந்தியக் கருவி கைகொடுத்தது. 2013இல் பிரான்சுடன் இணைந்து சரள், 2016இல் ஸ்கேட்சாட்-1, 2022 நவம்பர் 26இல் ஓஷன்சாட்-3 என வரிசை நீள்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவுகலம் புறப்படும் நாள்களில் பாதுகாப்புக் கருதிப் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுவது வழக்கம். மீனவருக்கு மீனிருக்கும் இடம் சொல்லப் புறப்படும் செயற்கைக்கோள்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. அன்றைய பிடியின் இழப்பு எந்தத் திட்டச் செலவிலும் சேர்வதில்லை.

தோலளவுப் பார்வை

செயற்கைக்கோள் கடலைக் காண்கிறது என்று எழுதுவது எளிது. உண்மையில் அது காண்பது கடலின் தோலை. வெப்ப அகச்சிவப்புக் கருவி உணர்வது ஒரு மில்லிமீட்டரினும் மெல்லிய மேற்படலத்தின் வெப்பநிலையை. நுண்ணலை அதனினும் சற்று ஆழம் செல்லும். நிறமானியோ ஒளி ஊடுருவும் மேல்நீர்வரை காணும். அதன் கீழுள்ளவற்றை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைச் சரிபார்க்கக் கடலிலேயே கருவி வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து நங்கூரமிட்ட மிதவைகளைக் கடலில் நிறுத்தியது இதற்காகவும்தான். மேலிருந்து எடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே உப்புநீரில் மிதக்கும் ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

மீன்வள வாய்ப்புப் பகுதி அறிவிப்புகள் இத்தோலளவுப் பார்வையிலிருந்து பிறந்தவை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் தந்த கடற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு, வெந்நீரும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்புகள் ஐதராபாத்தில் வரையப்பட்டன. அவ்விளிம்பில் ஊட்டம் சேரும். ஊட்டம் சேரும் இடத்தில் நுண்தாவரமும், அதைத் தேடிச் சிறுமீனும், சிறுமீனைத் தேடிப் பெருமீனும் வரும் என்பது கணிப்பு. 1999இல் ஐதராபாத்தில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தோன்றியது. ஓஷன்சாட்டின் நிறத்தரவு கிடைத்தபின் பச்சையத்தின் அடர்த்தியும் கணிப்பில் சேர்ந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. குமரி முனையைச் சுற்றிய கடலில் கீழ்நீர் மேலெழுந்து ஊட்டம் பெருகுவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில். அகச்சிவப்புக் கருவிக்கும் நிறமானிக்கும் முகில் ஊடே பார்வை இல்லை. கடல் மிகவும் வளமாக இருக்கும் மாதங்களே அவற்றின் பார்வை மிகவும் மறைபடும் மாதங்களும் ஆகின்றன. நுண்ணலைக் கருவிகள் முகிலை ஊடுருவும். ஆனால் அவற்றின் புள்ளி பருமனானது.

மொழிச் சிக்கல் இதனினும் நுட்பமானது. அறிவிப்பு, ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்தோ இறங்குதளத்திலிருந்தோ இன்ன திசையில், இத்தனைப் பாகையில், இத்தனைக் கிலோமீட்டரில், இத்தனை மீட்டர் ஆழத்தில் என்று இடம் கூறும். கடலோடியின் அளவுகள் வேறு. அவர் ஆழத்தைப் பாகத்தால் அளப்பவர். திசையை வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் பெயரால் அறிபவர். நீரோட்டத்தின் போக்கை நீவாடு என்பவர். குமரிக் கரையில், கரைமேலுள்ள மலைமுகட்டையும் தேவாலயக் கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டில் நிறுத்திக் கடலடிப் பாரின் இடம் குறிக்கும் கணியம் என்னும் கலை உண்டு. செயற்கைக்கோள் மேலிருந்து கடலை நோக்கி இடம் குறிக்கிறது. கணியம் கடலிலிருந்து மலையை நோக்கி இடம் குறிக்கிறது. முன்னதன் முடிவைப் பின்னதன் சொற்களில் பெயர்க்கும் பணியை அறிவியல் நிறுவனங்கள் நெடுங்காலம் தம் பணியாகக் கருதவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. தொலைநகலும் வானொலியும் இறங்குதளப் பலகையும் செய்தியைக் கொண்டுசேர்த்தன. பெயர்ப்பை மீனவர் தாமே செய்துகொண்டனர். அறிவிக்கப்பட்ட பகுதி தொலைவில் இருக்குமாயின் விசைப்படகுக்கு அது பயன்படும். கட்டுமரத்துக்கு அது வெறும் செய்தி.

சங்கொலியும் ஒலிபெருக்கியும்

1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தையும், ஒரு வாரம் கழித்து ஆந்திரத்துத் திவி வட்டாரத்தையும் புயல்கள் தாக்கின. பின்னதில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 1983 ஆகஸ்ட் 30இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி புவிநிலைச் சுற்றுப்பாதையில் நின்று இந்தியப் பெருங்கடலை இடைவிடாது நோக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சென்ற இன்சாட்-1ஏ ஐந்து மாதங்களில் கைவிடப்பட்டிருந்தது.

இன்சாட்டின் சிறப்பு, அதுவே கண்ணாகவும் வாயாகவும் இருந்தது என்பது. படமெடுக்கும் கருவியோடு தகவல் தொடர்புக் கருவியும் அதில் இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் வடதமிழகத்திலும் தென்னாந்திரத்திலும் கடலோர அலுவலகங்களில் சிறப்பு வாங்கிகள் நிறுவப்பட்டன. சென்னைப் புயல் எச்சரிக்கை மையம், எந்த மாவட்டத்துக்குச் செய்தியோ அம்மாவட்டத்து வாங்கிகளை மட்டும் விழிக்கச் செய்யலாம். முதலில் சங்கு ஒலிக்கும். பின்னர் வட்டார மொழியில் எச்சரிக்கை வரும். கம்பமும் தந்திக் கம்பியும் சாய்ந்தாலும் செய்தி வரும். கடல் கண்காணிப்பின் இந்திய வரலாற்றில், காண்பதையும் சொல்வதையும் ஒரே திட்டமாகக் கருதிய முதல் முயற்சி இது. விண்வெளி வரலாற்று நூல்கள் இதற்கு ஓரிரு வரிகளே ஒதுக்குவது ஏன் என்பது விளங்கவில்லை.

வாங்கி இருந்தது அரசு அலுவலகத்தில். அங்கிருந்து குப்பத்துக்கு உள்ள தொலைவை வேறொரு முயற்சி கடந்தது. 1990களின் இறுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. மீனவ ஊரான வீராம்பட்டினத்தின் மையத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலையுயர முன்கணிப்பு வரைபடத்தை நாள்தோறும் இறக்கி, தமிழில் எழுதி, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வங்கக் கடலில் நாளைய அலை எவ்வளவு என்பதை வேற்று நாட்டுக் கடற்படை தன் தேவைக்காகக் கணக்கிட்டது. அதைக் கட்டுமரத்துக்குரிய செய்தியாக ஆக்கியோர் அவ்வூர் இளைஞர்களும் பெண்களும். எந்த இந்திய ஏவுதலுக்கும் தொடர்பில்லாத நிகழ்வு இது. ஆயினும் கடல் கண்காணிப்பு வரலாற்றில் இதற்கு உரிய இடம் பெரிது.

2004 டிசம்பர் 26 இதை மெய்ப்பித்தது. அன்று காலை இந்திய நேரம் 6.29க்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின், ஜேசன்-1, டோபெக்ஸ்/போசைடன் என்னும் இரு உயரமானிச் செயற்கைக்கோள்கள் வங்கக் கடலின் மேல் கடந்தன. பத்து நாள்களுக்கு ஒருமுறையே அதே தடத்துக்குத் திரும்பும் அவை அந்நேரத்தில் அங்கிருந்தது தற்செயல். கடல்மட்டத்தை நுண்ணலைத் துடிப்பு சென்று திரும்பும் நேரத்தால் அளக்கும் அவை, ஆழ்கடலில் அரை மீட்டர் அளவுக்கு எழுந்து விரைந்த பேரலையைப் பதிவு செய்தன. ஆழ்கடலில் செல்லும் ஆழிப்பேரலையின் உயரம் விண்ணிலிருந்து அவ்வளவு தெளிவாக அளக்கப்பட்டது அதற்கு முன் இல்லை. அதே மணிநேரத்தில் அவ்வலை தமிழகக் கரையை அடைந்துகொண்டிருந்தது. அத்தரவு பின்னாளில் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பயன்பட்டது. கரைக்குப் பயன்படவில்லை, அதற்கென அமைக்கப்படவும் இல்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் மாண்டனர்.

புதுச்சேரியின் நல்லவாடு என்னும் மீனவ ஊரில் அன்று நடந்தது வேறு. சிங்கப்பூரில் பணியிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் கூறவே, அனைவரையும் வெளியேறச் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியை இயக்கினர், ஊர் காலியானது. வீடுகளும் படகுகளும் சேதமுற்றன; மக்கள் பிழைத்தனர். 1,300 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் துல்லியமாக அளந்த கருவி வாய்திறக்கவில்லை. ஒரு தொலைபேசிக் குரலும் ஓர் ஒலிபெருக்கியும் வாய்திறந்தன. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டபோது இந்த இடைவெளியே அதன் வடிவமைப்பின் மையமாக இருந்தது. நில அதிர்வுமானி, கடலடி அழுத்தமானி, செயற்கைக்கோள் தொடர்பு, கரைக்குச் செய்தி என ஒரே சங்கிலியாக அது கட்டப்பட்டது.

ஒக்கி

ஆழிப்பேரலையில் மாண்டோர் பெரும்பாலும் கரையில் இருந்தவர்கள். ஒக்கிப் புயலில் மாண்டோர் கடலில் இருந்தவர்கள். இவ்வேறுபாடு 2017 நவம்பர் இறுதியில் முழுப் பொருளுடன் வெளிப்பட்டது.

குமரி மாவட்டத்தின் மேற்கில் தூத்தூர் வட்டார ஊர்களின் ஆழ்கடல் தொழிலாளர், தூண்டிலும் வலையும் கொண்டு கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்று, நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் தங்கித் தொழில் செய்பவர்கள். நவம்பர் 29இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் நாள் காலையில் புயலாகியது. ஏறத்தாழ ஒரே நாளில் நிகழ்ந்த வளர்ச்சி இது. ஸ்கேட்சாட்-1 போன்ற துருவச் சுற்றுப்பாதைக் கருவி ஒரே கடற்பகுதியின் காற்றை நாளுக்கு இருமுறை அளக்க வல்லது. அவ்விரு அளவீடுகளுக்கு இடையில் ஒக்கி தன் தரத்தை மாற்றிக்கொண்டது. புவிநிலைச் செயற்கைக்கோள் முகிலை இடைவிடாது கண்டது. முன்னறிவிப்புப் பிந்தியதா என்ற வாதம் அப்போது கடுமையாக எழுந்தது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்னும் எச்சரிக்கை முன்னரே தரப்பட்டது என்பது வானிலைத் துறையின் விளக்கம்.

அவ்விளக்கத்தின் சொல்லமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்பது கரையில் நிற்பவரை நோக்கிய வாக்கியம். ஏற்கெனவே சென்றுவிட்டவருக்கு அதில் இடமில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய காலத்திலிருந்து 2017வரை எச்சரிக்கையின் இலக்கணம் மாறவில்லை. மீனவர் சென்ற தொலைவோ பன்மடங்கு கூடியிருந்தது. கைப்பேசி அலை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கிட்டுவதில்லை. அதற்கப்பால் இருந்தோர், மாறிய காற்றையும் எழுந்த கடலையும் கண்டே புயலை அறிந்தனர். குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. உடல் கிடைக்காத குடும்பங்கள் இறப்புச் சான்றுக்காகவே போராட வேண்டியிருந்தது.

இதன் விளைவாக 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமானது. ககன் அமைப்பின் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே, கைப்பேசி எட்டாத நடுக்கடலுக்கும் எச்சரிக்கையையும் மீன்வள அறிவிப்பையும் கொண்டுசேர்ப்பது அதன் பணி. 1980களின் சங்கு வாங்கி அலுவலகத்திலிருந்து படகுக்கு இறங்கிய நிகழ்வாக இதைக் கொள்ளலாம். ஆயினும் அது ஒருவழிக் கருவி. படகு கேட்கலாம், பேச இயலாது. ‘இங்கே காற்று திரும்பிவிட்டது’ என்று நடுக்கடலிலிருந்து சொல்ல அதில் வழியில்லை. இருவழிச் செய்திக்கான செயற்கைக்கோள் கருவிகள் அதன் பின்னரே படகுகளுக்கு வரத் தொடங்கின. காற்றின் திசையைத் தோலால் உணரும் ஆயிரக்கணக்கான சாட்சிகள் கடலில் நாள்தோறும் இருக்கையில், மிதவைகளின் எண்ணிக்கை போதாது என்று வருந்துவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

மலையடிவாரத்திற்கு வரும் கடல்

கடல் கண்காணிப்பு மீனவருக்கே உரியது என்னும் எண்ணமும் திருத்தம் வேண்டுவது. ஓஷன்சாட்-1 ஏவப்பட்ட அதே 1999இன் செப்டம்பரில், என்.எச். சஜி, பி.என். கோஸ்வாமி, பி.என். வினயச்சந்திரன், டி. யமகாட்டா ஆகியோர் நேச்சர் இதழில் இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிகழ்வை விளக்கினர். சில ஆண்டுகளில் சுமத்திராவை அடுத்த கடல் குளிர்ந்து ஆப்பிரிக்காவை அடுத்த கடல் வெப்பமுறுகிறது. சில ஆண்டுகளில் இது தலைகீழாகிறது. 1997இல் நிகழ்ந்த இதன் பெருவடிவத்தை டோபெக்ஸ்/போசைடன் கடல்மட்ட வேறுபாடாகவும் பதிவு செய்திருந்தது. பெருங்கடலின் இரு முனைகளையும் ஒரே வாரத்தில் ஒப்பிட்டுக் காட்டுவது எந்தக் கப்பலாலும் இயலாத செயல்.

2016இல் இருமுனை தலைகீழாக நின்றது. கிழக்கு முனை வெப்பமுற்றிருந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. சேத்தூர் வட்டாரத்துக் கண்மாய் விவசாயிக்கு அந்த ஆண்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கடலின் வெப்பம் மாறிவருவது மழைக்காலத்திற்குப் பல வாரங்கள் முன்பே செயற்கைக்கோள் தரவில் தெரிந்தது. எனினும் இவ்வுறவு பூட்டும் சாவியும் போன்றதன்று. பசிபிக்கில் லா நினா நிலவும் ஆண்டுகளில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை குறையும் என்பது பொதுக்கணிப்பு; 2021இல் லா நினா நிலவியும் மழை இயல்பினும் மிகுந்து பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் புயல் என்ற பெயரே பெறாத வளிமண்டலச் சுழற்சி ஒன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. முகில் படத்தில் அதன் இருப்புத் தெரிந்தது. எந்த ஊரில் எவ்வளவு என்பது தெரியவில்லை.

புரட்டாசி பிறந்ததும் விதைப்பைப் பற்றிய முடிவு எடுக்க வேண்டும். கண்மாய் நிறையும் என்று நெல்லுக்குப் போவதா, நிறையாது என்று பயறுக்கும் சோளத்துக்கும் நிற்பதா என்பது குடும்பத்தின் ஓராண்டு வரவைத் தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கான வானிலைத் துறையின் முன்கணிப்பும் ஏறத்தாழ அப்போதுதான் வெளியாகிறது. கடல் வெப்பநிலையையே முதன்மை அடிப்படையாகக் கொண்ட அக்கணிப்பு, தமிழகம், கேரளம், கடலோர ஆந்திரம், இராயலசீமை, தென் உட்கருநாடகம் ஆகிய ஐந்து வானிலை உட்பிரிவுகளுக்கும் சேர்த்து மழை இயல்பா, மிகுதியா, குறைவா என்று ஒரே விடையாகத் தரப்படுகிறது. சேத்தூர் மலைச்சரிவின் மழையும் சென்னைக் கடற்கரையின் மழையும் பாஸ்கராவின் பருமனான புள்ளியைப் போல அந்த ஒரே விடைக்குள் அடங்குகின்றன. கண்மாய்க் கரையில் நிற்பவர் மேற்கே மலையில் முகில் இறங்கும் உயரத்தைப் பார்த்துத் தம் விடையைத் தாமே கணித்துக்கொள்கிறார்.